பழைய ஓனர்

வர்ஜீனியா மாநிலத்தில் ரேடார் டிடெக்டர் பொருத்திய வண்டியை ஓட்டுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியே இல்லை. அந்தச் சட்டப் பிரிவை நான் படித்திருக்கிறேன். அதுவும் எங்கே சந்து இருக்கிறது என்று தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அமெரிக்காவில் சொந்த வண்டிகளில் இந்தக் கருவியை வர்ஜீனியாவும் தலைநகர் வாஷிங்டனும்தான் தடைசெய்திருக்கின்றன. நான் குடியிருக்கும் வட கரோலினாவில் தடை கிடையாது. ஆனால் ராலேயிலிருந்து கிளம்பி மேரிலாந்தில் லேன்ஹம் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போக வேண்டுமானால் வர்ஜீனியாவைத் தெற்கு எல்லையிலிருந்து வடக்கு எல்லை வரை தாண்டித்தான் ஆக வேண்டும். சாமி கும்பிடப் போகிற வழி முழுக்கக் குற்றத்தைக் கண்ணெதிரே மாட்டிக்கொண்டு போனவன் நான்.

வேகமாக ஓட்டினேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குப் பெரிய கூச்சமில்லை. நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் அதைப் பாதிப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். கூச்சம் தருவது, அந்த வேகத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த ஒரு சொல். அதை எழுத உட்கார்ந்தால் கை ஏனோ வயரிங் பக்கமே போகிறது. போகட்டும். அந்த வயரிங் அவ்வளவு சுத்தமாக இல்லாதிருந்தால் அந்தச் சொல்லும் எடுபட்டிருக்காது.

என் அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு வயரிங் செய்தவர். அங்கே வெறும் சேஸிஸாக வந்து நிற்கிற வண்டி, தச்சர், வெல்டர், பெயிண்டர், எலக்ட்ரீசியன் என்று பல கை பட்டு லாரியாக வெளியே போகும். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் டெஸ்ட் லைட் ஒன்று இருக்கும். ஒரு கூர்முனை, உள்ளே சின்ன பல்பு, வாலில் ஒரு கிளிப். "மொதல்ல எர்த்தைப் பாரு, அப்புறம் கரண்ட்டைப் பாரு" என்பார். வயர் கண்ணுக்குத் தெரியக்கூடாது, ஆனால் நாளைக்கு ரிப்பேருக்கு வருகிறவன் கைக்கு எட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் கம்ப்யூட்டர் படித்து இந்தப் பக்கம் வந்துவிட்டேன். நாள் முழுக்க நான் செய்கிற வேலையைக் கையால் தொட முடியாது. சனிக்கிழமை ஒரு கிரிம்பிங் பிளையரைப் பிடித்தால்தான் அப்பாவின் மகன் என்ற நினைப்பு வரும்.

டிரக் எனக்குக் கிடைத்தது ஒரு பெரியவரிடமிருந்து. ஃபோர்டு எஃப் 150 பிக்கப். அவர் ஓய்வுபெற்ற தச்சர். கண்பார்வை மங்கிவிட்டது என்று தாமாகவே ஓட்டுவதை நிறுத்திவிட்டு வண்டியை விற்றார். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஓட்டக்கூடாத கண்ணோடு ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! சாவியோடு ஒரு சின்ன நோட்டையும் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஆயில் மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த மைல், டயர்களை இடம் மாற்றியது, எந்தக் கடையில் பேட்டரி வாங்கியது, எல்லாம் பென்சிலில், ஒரே அளவு எழுத்தில். வண்டியைச் சுற்றிக் காட்டும்போது, "அறுபதுக்கு மேலே இதை நான் விரட்டியதே இல்லை. அவசரம் இருந்தால் சீக்கிரம் கிளம்புவேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை; அது அவருக்கு வேடிக்கைப் பேச்சில்லை.

அதே வண்டியில் நான் டிடெக்டர் மாட்டினேன். அதற்கு முன் ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வாங்கியிருந்தேன். இன்சூரன்ஸ் தொகை ஏறியதில் வீட்டில் பேச்சும் வாங்கியிருந்தேன். வேகத்தைக் குறைப்பது என்ற வழி என் யோசனைக்குள் வரவே இல்லை. மாட்டாமல் இருப்பது எப்படி என்றுதான் ஆராய்ச்சி செய்தேன். ஆராய்ச்சி என்றால் சும்மா இல்லை. அலுவலக வேலையில்கூட அந்தக் கவனம் காட்டியதில்லை.

போலீஸ் ரேடார் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் இப்போதும் தூக்கத்தில் சொல்வேன். எக்ஸ் பேண்ட் 10.525 கிகாஹெர்ட்ஸ், பழசு, இப்போது அரிதாகத்தான் பயன்படுகிறது. கே பேண்ட் 24.150. இன்று அதிகம் பயப்பட வேண்டியது கேஏ பேண்ட், 33.4க்கும் 36க்கும் நடுவில். ரேடார் விடும் அலை ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். கே பேண்டில் மணிக்கு ஒரு மைல் வேகத்துக்குச் சுமார் 72 ஹெர்ட்ஸ் மாறும். அந்த வித்தியாசத்தை எண்ணி வேகத்தைச் சொல்லிவிடுவார்கள். டிடெக்டர் பிழைப்பு நடத்துவது ஒரு சின்ன அநியாயத்தில். போலீஸ்காரரின் அலை என் வண்டிவரை வந்து, முட்டித் திரும்பி, அவரிடமே போய்ச்சேர வேண்டும். டிடெக்டருக்கு ஒருவழிப் பயணம் போதும். அதனால் அவர் என்னை அளக்கும் முன்பே அவர் இருப்பதை நான் தெரிந்துகொள்வேன்.

இந்தக் கணக்குக்கு இரண்டு ஓட்டை உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். ஒன்று, போலீஸ்காரர் ரேடாரை அணைத்தே வைத்திருந்து, வண்டி கிட்டே வந்ததும் பட்டனை அழுத்துவது. அப்போது டிடெக்டர் கத்துவதும் அவர் அளந்து முடிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாக நடக்கும். மற்றொன்று லேசர். ஆயிரம் அடி தூரத்தில் அந்தக் கற்றை மூன்று அடி அகலம்தான் விரியும். குறிபார்த்து நம்பர் பிளேட்டில் அடித்தால் டிடெக்டர் சொல்லும் செய்தி, 'நீ மாட்டிக்கொண்டாய்' என்பதுதான். சூப்பர்மார்க்கெட்டின் தானியங்கிக் கதவு, பக்கத்து லேனில் போகும் காரின் பக்கவாட்டு சென்சார் என்று எதற்கும் அது வேறு கத்தும், தெருவில் யார் போனாலும் குரைக்கிற நாயைப் போல. இத்தனையும் தெரிந்தும் வாங்கினேன். விலையை மனைவியிடம் பாதியாகச் சொன்னேன். இதையும் இங்கேயே சேர்த்து ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் எல்லோரையும் போல சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகித்தான் ஓட்டினேன். சுருள் வயர் ஒன்று முன்கண்ணாடியிலிருந்து கியர்வரை தொங்கும். பார்வையை மறைக்கிறது, ஆபத்து, அதனால் வயரை உள்ளே விட்டு நிரந்தரமாக இணைக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பார்வையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கு அந்தச் சுருள் வயர் ஒரு விளம்பரப் பலகை. அது கூடாது என்பதுதான் காரணம்.

அந்த வேலையைச் செய்த சனிக்கிழமை எனக்கு இன்னும் ருசிக்கிறது. என் மச்சினன் அப்போதுதான் மேல்படிப்புக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தான். டார்ச் பிடிப்பது, கழற்றிய ஸ்குரூவை ஒரு டம்ளரில் போட்டு வைத்துக்கொள்வது அவன் பொறுப்பு. முதலில் ஃபியூஸ் பெட்டியிலிருந்து வயர் இழுக்கலாமா என்று பார்த்தோம். அது கால்பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து மிரர்வரை வர வேண்டுமென்றால் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவிலிருக்கும் தூண் வழியாக ஏற வேண்டும். அந்தத் தூணுக்குள் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வயர் அதற்கு முன்பக்கமாகப் போனால், ஏர்பேக் வெடித்து விரியும் அன்று அந்த வயரே எமன். பின்பக்கமாக விடத் தெரியாதவன் அந்தப் பக்கமே போகக்கூடாது. உயிர்ப் பாதுகாப்பில் எவ்வளவு அக்கறை பாருங்கள் எனக்கு.

மிரரிலேயே கரண்ட் இருந்தது. இரவில் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்துக்குத் தானாக மங்குகிற மிரர் அது. அதற்கென்று ஒரு வயர்க்கட்டு கூரைத் துணிக்குள்ளிருந்து இறங்குகிறது. அதில் ஒன்று சாவி போட்டால் மட்டும் வரும் பன்னிரண்டு வோல்ட். ஒன்று எர்த். இன்னொன்று ரிவர்ஸ் கியர் போட்டால் மிரரை மங்கவிடாமல் தடுக்கிற சிக்னல். அவசரக்காரன் அந்த மூன்றாவது வயரில் இணைத்தால், வண்டி பின்னால் போகும்போது மட்டும் டிடெக்டர் உயிர்பெறும்! வயரின் நிறத்தை நம்பக்கூடாது. மல்டிமீட்டரை வைத்து, சாவி போட்டு, எடுத்து, கியர் மாற்றி, ஒவ்வொன்றாக அளந்தேன். மிரருக்குப் பின்னால் இணைத்தால் முன்கண்ணாடி வழியே தெரியும் என்று கூரைத் துணியின் ஓரத்தை இறக்கி உள்ளேயே இணைத்தேன். இரண்டு ஆம்பியரில் தனி ஃபியூஸ். வயர் தகட்டில் ஆடிச் சத்தம் போடாமலிருக்கத் துணி டேப் சுற்றினேன். துணியை மேலே ஏற்றி அழுத்தியபோது வெளியே தெரிந்தது ஒரு விரல் நீளக் கறுப்பு வயர் மட்டும்.

"மாமா, கம்பெனியிலேயே வந்த மாதிரி இருக்குதுங்க" என்றான் மச்சினன். அன்று இரவு ஏதோ சாக்கு வைத்து மூன்று முறை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வர்ஜீனியா சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது என்றேனே. கருவிக்கு மின்சாரம் இல்லாமலும், ஓட்டுநர், பயணிகள் கைக்கு எட்டாமலும் இருந்தால் குற்றமில்லை. ஆரம்பத்தில் எல்லைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, டிடெக்டரைக் கழற்றிப் பின்னால் கருவிப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். பிறகு ஒருமுறை மழை பெய்தது என்று விட்டேன். அடுத்த முறை மழையில்லாமலே விட்டேன். அது வேண்டியதே வர்ஜீனியாவில்தானே என்று ஒரு நியாயமும் தோன்றியது. அந்த மாநிலத்தில் லிமிட்டுக்கு 20 மைல் மேலே போனாலோ, லிமிட் எதுவானாலும் 85ஐத் தாண்டினாலோ அது சாதாரண டிக்கெட் ஆகாது. பொறுப்பின்றி ஓட்டிய கிரிமினல் குற்றம். ஓராண்டுவரை சிறையும் 2,500 டாலர்வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. 2020வரை அந்த எல்லை 80 ஆக இருந்தது. விசாவில் இருக்கிறவன் கிரிமினல் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். அதனால் 70 லிமிட் ரோட்டில் என் வேகம் 84. க்ரூஸ் கண்ட்ரோலில் 84 என்று பூட்டிவிட்டு, சட்டத்துக்கு ஒரு மைல் மரியாதை கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

நூறு மைலுக்கு இதனால் மிச்சமாவது பதினான்கு நிமிடம். வேகம் 20 சதவீதம் கூடினால் மோதலின் ஆற்றல் 44 சதவீதம் கூடும். என் டிரக்கின் எடை இரண்டு டன்னுக்கு மேல். இந்த நாட்டில் அதிவேகம் காரணமான விபத்துகளில் 2022ல் மட்டும் 12,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கும் நான் அறியாததில்லை. ஆனால் கூட்டத்தில் பேசும்போது வேறு கணக்கை எடுப்பேன். 1974 ஜனவரியில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது நிக்சன் நாடு முழுக்க 55 மைல் என்று லிமிட் வைத்தார்; அது உயிரைக் காக்க வந்ததில்லை, பெட்ரோலைக் காக்க வந்தது; 1987ல் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் 65 ஆயிற்று; 1995ல் மத்திய லிமிட்டே ஒழிந்தது; நடுவில் லாரி டிரைவர்கள் சிபி ரேடியோவில் போலீஸ் நிற்கும் இடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்; 1978ல் சின்சினாட்டியில் எஸ்கார்ட் டிடெக்டர் வந்தது. இப்படி அடுக்கி என் திருட்டுத்தனத்துக்கு ஒரு பரம்பரையே உண்டாக்கிவைத்திருந்தேன். நாமக்கல் ரோட்டில் எதிரே வரும் லாரிக்காரர் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தால் முன்னால் செக்கிங் என்று அர்த்தம். அதே தர்மம்தான் இதுவும் என்பேன். ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் வணிக லாரிகளில் டிடெக்டர் இருக்கவே கூடாது என்று 1994 முதல் மத்திய விதி இருக்கிறது. ரோட்டிலேயே வயிறு வளர்க்கிறவனுக்கு இல்லாத சலுகையை, கடைக்குப் போய்ப் பால் வாங்க டிரக் வைத்திருக்கும் நான் அனுபவித்தேன்.

மாட்டிய இடம் 85ஆம் நெடுஞ்சாலை, எல்லை தாண்டி பீட்டர்ஸ்பர்க் போகும் வழி. இரண்டு பக்கமும் பைன் மரம், எதிர்த்திசை ரோட்டுக்கும் நமக்கும் நடுவிலும் மரம். காலை நேரம். முன்னால் ஒரு வண்டியும் இல்லை. மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தான். டிடெக்டர் படிப்படியாக ஏறாமல் எடுத்த எடுப்பில் உச்சக் குரலில் அலறியது. மரங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி, அதில் ஒரு கார். பிரேக்கை மிதித்தேன். அதனால் என்ன பயன்? கண்ணாடியில் நீலவிளக்கு சுழன்றது.

ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்து நின்ற காரில் ரேடார் இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். டிடெக்டர் நிறுத்தவே இல்லை. "மாமா, அது கத்திட்டே இருக்குதுங்க" என்றான். பழைய சுருள் வயராக இருந்தால் ஒரே இழுப்பில் பிடுங்கிச் சீட்டுக்கடியில் தள்ளியிருப்பேன். இப்போது இழுக்க அங்கே வயரே இல்லை. டெலிபோன் வயர் நுனியில் இருக்குமே, அதே மாதிரிச் சின்ன பிளாஸ்டிக் நாக்கு. அதை அமுக்கினால்தான் பிளக் வரும். முந்தின நாள்தான் நகம் வெட்டியிருந்தேன். விரல்நுனி அந்த நாக்கின் மேல் வழுக்கி வழுக்கிப் போனது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்திருந்தால் அதுவும் அடங்கியிருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை. அதிகாரி மச்சினன் பக்கத்துக் கண்ணாடி அருகே வந்து குனிந்தபோது என் கை இன்னும் மிரருக்குப் பக்கத்தில் இருந்தது.

லைசென்ஸ் கேட்டார். எவ்வளவு வேகம் தெரியுமா என்று கேட்டார். பிறகு மோவாயால் மிரரைக் காட்டி, "அது வர்ஜீனியாவில் சட்டவிரோதம் என்று தெரியுமா?" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். "அது வண்டியோடு வந்தது. பழைய ஓனர் போட்டது. எனக்கு அதை எப்படிக் கழற்றுவது என்றுகூடத் தெரியாது."

யோசித்துச் சொன்னதில்லை என்று எழுதத் தோன்றுகிறது, அதுவும் பொய்யாகிவிடும். அந்தச் சில நொடிகளில் நான் நன்றாகவே யோசித்தேன். செகண்ட் ஹேண்ட் டிரக். கூரைக்குள் போகிற வயர். பிளக் எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாம் பொருந்தியது. அவர் டார்ச்சை அடித்து அந்த விரல் நீள வயரையும் அது கூரைத் துணிக்குள் மறையும் இடத்தையும் பார்த்தார். மச்சினன் நேரே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே இடத்தில் டார்ச் பிடித்து நின்றவன் அவன். அதிகாரி நிமிர்ந்து, "இப்படி உள்ளே வைத்துத் தைத்தவர் ரொம்ப வேகமாகப் போகிறவராகத்தான் இருந்திருக்கணும்" என்றார். நான் லேசாகச் சிரித்து, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினேன். அறுபதைத் தாண்டாத மனிதர் அந்தத் தலையாட்டலில் திருடனாகிவிட்டார்.

வேகத்துக்கு மட்டும் டிக்கெட் எழுதினார், 70ல் 84. கருவிக்கு எழுதவில்லை. யாரிடமாவது கொடுத்து அடுத்த முறைக்குள் கழற்றிவிடுங்கள் என்று அறிவுரை சொல்லிப் போனார். மரியாதையான மனிதர். என்னை நம்பினார்.

ரிச்மண்ட் தாண்டும்வரை மச்சினன் பேசவில்லை. அப்புறம், "அந்தத் தாத்தா பாவம்ங்க மாமா" என்றான். எனக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது. "அவருக்கு என்னடா நஷ்டம்? அவர் பேரைச் சொன்னேனா?" என்றேன். நியாயமான கேள்விதான். பேர் சொல்லவில்லை, அவர் மேல் வழக்கு இல்லை, அவர் காதுக்கு இது போகப்போவதும் இல்லை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதும் இதையே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதன் பிறகு நடந்தது இன்னும் கேவலம். ஒரு பொங்கல் விருந்தில் மச்சினன் அந்தக் கதையை எடுத்துவிட்டான். நன்றாக நடித்துச் சொல்வான். டிடெக்டரின் அலறல், பிளக்கோடு நான் போராடியது, கடைசியில் பழைய ஓனர். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "என்னா பிரசன்ஸ் ஆஃப் மைண்ட் உங்களுக்கு!" என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். அடுத்த விருந்தில் கதையை நானே சொன்னேன். சொல்லச் சொல்லப் பெரியவர் மாறிக்கொண்டே போனார். ஒருமுறை அவருக்குத் தொப்பி வைத்தேன். இன்னொரு முறை, நெடுஞ்சாலையில் போலீஸுக்குத் தண்ணி காட்டிய கிழட்டு ரேசர் ஆக்கினேன். கைதட்டல் கூடியது. பாவம் என்று சொன்ன பையனும் இப்போது சேர்ந்து சிரித்தான். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான்.

நடுவில் பெரியவரே ஒருநாள் போன் செய்தார். பழைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், வண்டி நினைவு வந்ததாம். நன்றாக ஓடுகிறதா, டைமுக்கு ஆயில் மாற்றுகிறீர்களா என்று கேட்டார். மாற்றுகிறேன் என்றேன். அது உண்மை. நோட்டில் எழுதுகிறீர்களா என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். அது பொய். அவரிடம் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லியிருந்தால் அவர் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், வருத்தப்பட்டும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதற்கு நான் தயாரில்லை. வெயில் அதிகம் என்று பேச்சை மாற்றினேன்.

டிடெக்டரை எப்போது கழற்றினேன் என்று கேட்பீர்கள். இரண்டாவது டிக்கெட்டால் இன்சூரன்ஸ் மறுபடி ஏறி, வீட்டில் உண்மை விலையும் வெளிப்பட்ட பிறகு. மனம் திருந்திக் கழற்றவில்லை. அதற்கு முன் வர்ஜீனியாவுக்குள் அதோடு போகவில்லை என்றும் சொல்ல மாட்டேன். போயிருக்கிறேன், வேகத்தை 79 ஆக்கிக்கொண்டு. கழற்றியபின் அந்த வயரில் ஒரு டேஷ்கேம் மாட்டினேன். அது படத்தின் அடியில் என் வேகத்தையும் பதிவு செய்கிற ரகம். அந்தப் பதிவை நான் போட்டுப் பார்த்ததில்லை.

பிறகு பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று டிரக்கை விற்பனைக்கு வைத்தேன். வாங்க வந்தவர் கூரை வேலை செய்கிற ஓர் இளைஞர். வண்டியைப் பார்க்கத் தெரிந்தவர். அடியில் படுத்து துரு பார்த்தார், ஆயில் குச்சியை உருவித் துடைத்து மோந்து பார்த்தார். டேஷ்போர்டு பெட்டியில் இருந்த பெரியவரின் நோட்டைக் கொடுத்தேன். பென்சில் எழுத்துகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, தலையாட்டிக்கொண்டே படித்தார். பாதியோடு அது நின்றுபோனதைக் கவனித்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து மிரரைச் சரிசெய்தபோது அந்தக் கறுப்பு வயர் அவர் கையில் தட்டுப்பட்டது. டேஷ்கேமை முந்தின நாளே எடுத்திருந்தேன். "இது என்ன?" என்றார்.

வட கரோலினாவில், என் வீட்டு வாசலில், போலீஸ் இல்லாத இடத்தில், யாரும் குற்றம் சொல்லாத ஒரு வயரைப் பற்றிக் கேட்டார். "பழைய ஓனர் போட்டது" என்றேன். நாக்கு தானாகவே அங்கே போனது.

அவர் கூரைத் துணியின் ஓரத்தை விரலால் லேசாக இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். டேப் சுற்றியிருந்ததை, தனி ஃபியூஸை, இணைப்பு ஆடாமல் கட்டியிருந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, "எலக்ட்ரீசியனா அவர்?" என்று கேட்டார்.

"தச்சர்" என்றேன்.

"ரொம்ப நல்ல வேலை. யாருக்கும் தெரியாத இடத்தில்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார் பாருங்கள்." எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது, அது நான் செய்தது, என் அப்பா சொல்லிக்கொடுத்தது என்று. அவர் நோட்டையும் வயரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி ஒரு மனிதர் வைத்திருந்த வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார். பேரம் பேச இடம் வைத்து ஐந்நூறு டாலர் கூட்டித்தான் விலை சொல்லியிருந்தேன். ஒரு டாலர் குறைக்கச் சொல்லவில்லை. எண்ணிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.